சோத்தாங்கை, பீச்சாங்கை: சைகை மொழி எந்தக் கையில் பேசும்?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் வீட்டுக் கதை, நிறைய வரலாறு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாலு வயசுப் பையனோட இடது கை இருக்கு.

போன பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். எங்க அக்கா வீடு அங்கதான். அக்கா பையனுக்குப் பிறந்ததுல இருந்தே காது கேட்காது. காக்ளியர் ஆபரேஷன் பத்தி அக்காவும் மாமாவும் டாக்டர்கிட்ட பேசிட்டிருக்காங்க, அது தனிக் கதை. ஆபரேஷன் நடக்குதோ இல்லையோ, பையனுக்கு இப்பவே ஒரு மொழி வேணும் இல்லையா? அதனால நாங்க ரெண்டு பேரும் எட்டு மாசமா இந்திய சைகை மொழி கத்துக்கிட்டு இருக்கோம். அக்கா ஃபோன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கறாங்க. நான் சென்னையில ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போறேன். சொல்லித் தர்றவர் காது கேளாதவர்.

பொங்கல் அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் தரையில உட்கார்ந்திருக்கோம். பையன் ஆயாவைப் பார்த்து அஞ்சு விரலையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டு போனான். 'சாப்பாடு வேணும்'னு அர்த்தம். அவனா எங்களைக் கூப்பிட்டு, அவனா கேட்ட முதல் வாக்கியம் அதுதான்னு வெச்சுக்கலாம். அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அவன் கேட்டது இடது கையில. ஆயா பட்டுன்னு அந்தக் கையைத் தட்டிவிட்டாங்க. "நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையிலயா சோறு கேக்கற? சோத்தாங்கையில கேளுடா தங்கம்!"

ஆயா அடிக்கல. பாசமாத்தான் தட்டினாங்க. ஆனா பையன் கையை மடியில வெச்சுக்கிட்டான். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவன் எதையும் கேட்கல.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ல எனக்கு ஒரே யோசனை. ஆயா சொன்னது சரியா? சைகை மொழிக்குன்னு ஒரு 'சரியான கை' இருக்கா? இருந்தா, அதை யார் முடிவு பண்ணாங்க?

ஒரு நொட்டாங்கைக்காரனின் வாக்குமூலம்

இந்தக் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, நானும் நொட்டாங்கைதான். பல் விளக்குறது, பந்து எறியறது, கதவுத் தாழ்ப்பாள் போடறது எல்லாம் இடது. ஆனா எழுதறது மட்டும் வலது. ஒண்ணாம் வகுப்புல சிலேட்டுக் குச்சியை இடது கையில எடுத்தா மர ஸ்கேல் மணிக்கட்டுல விழும். ரெண்டு மாசத்துல கை மாறிடுச்சு. என் கையெழுத்து இன்னைக்கும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும்.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்ல. உலகத்துல பத்துப் பேர்ல ஒருத்தர் இடது கைப் பழக்கம் உள்ளவர். போன நூற்றாண்டுல பாதி உலகம் அவங்க கையை மாத்தப் பார்த்தது. நம்ம ஊர்ல வார்த்தையிலேயே அது இருக்கு: ஒரு கைக்கு சோறு, இன்னொரு கைக்குக் கழுவுற வேலை. நம்பிக்கையான ஆள்னா 'அவர் என் வலது கை'. காசு கொடுக்க, பத்திரிகை வைக்க, விளக்கேத்த எல்லாத்துக்கும் வலது. எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்ட அரசாங்கம் கைநாட்டு வாங்கும்போது மட்டும் ஸ்டாம்ப் பேட்ல இடது கைப் பெருவிரலைத் தேடும்!

சரி, இது கேட்கிறவங்க உலகத்துக் கதை. கையாலேயே பேசுறவங்க உலகத்துல எப்படி?

கையுறையில் எழுதிய எழுத்துகள்

முதல்ல எழுத்துகளைப் பார்ப்போம். ஒரு பெயரை, ஊரைச் சைகையில சொல்லணும்னா விரல்களால எழுத்துக் கூட்டணும். உலகத்துல இதுக்கு ரெண்டு பெரிய குடும்பம் இருக்கு. ஒண்ணு, ஒரே கையால செய்யறது. 1620-ல ஸ்பெயின் நாட்டுக்காரர் ஹுவான் பாப்லோ போனே தன் புத்தகத்துல அந்த எழுத்துகளைப் படம் போட்டு அச்சிட்டார். அது பிரான்ஸ் வழியா அமெரிக்காவுக்குப் போச்சு.

இன்னொண்ணு ரெண்டு கையாலயும் செய்யறது. 1680-ல, ஸ்காட்லாந்துல பிறந்து ஆக்ஸ்ஃபோர்டுல பள்ளிக்கூடம் நடத்திய ஜார்ஜ் டால்கார்னோ ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஒரு கையோட படம். விரல் நுனியிலயும் உள்ளங்கையிலயும் எழுத்துகள். கையில ஒரு கையுறை போட்டு அதுமேல எழுத்துகளை எழுதிக்கிட்டுப் பழகலாம்னு அவர் யோசனை சொன்னார். எழுத்துகள் இருக்கறது இடது கையில, தொட்டுக் காட்டறது வலது கையால. 1698-ல லண்டன்ல வெளியான இன்னொரு சின்னப் புத்தகத்துல ரெண்டு கை எழுத்துகள் இன்னும் தெளிவா வந்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, பிரிட்டிஷ்காரங்களோட அந்த ரெண்டு கை முறைதான் இந்தியாவுக்கும் வந்தது. இன்னைக்கும் இந்திய சைகை மொழியில ஆங்கில எழுத்து 'ஈ' சொல்ல ஒரு கையோட ஆள்காட்டி விரல் நுனியைத் தொடணும். 'ஐ'க்கு நடுவிரல், 'ஓ'க்கு மோதிர விரல், 'யூ'க்குச் சுண்டுவிரல். டால்கார்னோவும் உயிரெழுத்துகளை விரல் நுனியிலதான் வெச்சார். முந்நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட படம், இன்னைக்குக் கள்ளக்குறிச்சியில ஒரு ஃபோன் திரையில ஓடுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். புத்தகம்னு வந்தா ஏதாவது ஒரு கையை வரைஞ்சாகணும். வரையறவங்க பெரும்பான்மைக் கையை வரைஞ்சாங்க. கத்துக்கறவங்க கண்ணுக்கு அது சட்டம் மாதிரி தெரிய ஆரம்பிச்சது.

ரெண்டு கையையும் கட்டிப்போட்ட காலம்

அடுத்த கட்டத்துல இடதா வலதாங்கற கேள்விக்கே இடம் இல்லாமப் போச்சு. 1880 செப்டம்பர்ல இத்தாலியின் மிலான் நகரத்துல காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு நடந்தது. 164 பிரதிநிதிகள். அதுல காது கேளாதவர் ஒரே ஒருத்தர். பள்ளிகள்ல சைகையை விட்டுட்டு வாய்ப்பேச்சு முறையிலதான் சொல்லித் தரணும்னு அங்க தீர்மானம் போட்டாங்க.

அதுக்கப்புறம் உலகம் பூரா பல பள்ளிகள்ல பசங்க கையை அசைச்சா தண்டனை. கையைப் பின்னாடி கட்டி வெச்சாங்க, கை மேலேயே உட்கார வெச்சாங்க. பசங்க விடுதியில, கழிப்பறைக்குப் பின்னாடி, விளக்கு அணைஞ்ச பிறகு சன்னல் வெளிச்சத்துல திருட்டுத்தனமா பேசிக்கிட்டாங்க. 2010-ல கனடாவுல வான்கூவர் நகரத்துல நடந்த அதே மாநாட்டோட கூட்டத்துல அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிச்சாங்க. 130 வருஷம் கழிச்சு.

இந்தியாவுல காது கேளாதோர் பள்ளிகள் தொடங்கின காலமும் அதுதான். 1880-கள்ல பம்பாய். 1893-ல கல்கத்தா. அதே 1890-கள்ல நம்ம பாளையங்கோட்டையில ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி. பாளையங்கோட்டையில சைகைக்கு இடம் இருந்தது. ஆனா பொதுவா இந்தியப் பள்ளிகள் பேச்சு முறைப் பக்கம்தான் நின்னது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கோ, தொண்டையைத் தொட்டுச் சத்தம் எழுப்பு, இதுதான் பாடம்.

இதைப் படிக்கும்போது எனக்கு என் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. எனக்கு ஒரு கையை மட்டும்தான் தடுத்தாங்க. என் வாயில மொழி பத்திரமா இருந்தது. அவங்களுக்குக் கைதான் வாய்.

செய்கிற கை, தாங்குகிற கை

இப்போ 1960. அமெரிக்காவுல காது கேளாதோருக்கான கல்லூரியில ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வில்லியம் ஸ்டோக்கி, தன் மாணவர்கள் பேசிக்கற சைகையை உத்துப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார். இது சும்மா கை ஆட்டறது இல்ல, தமிழ் மாதிரி, ஆங்கிலம் மாதிரி இதுக்கும் இலக்கணம் இருக்குன்னு சொன்னார். கூட வேலை செய்யறவங்களே சிரிச்சாங்க. அப்புறம் அந்த ஆய்விலிருந்து ஒரு துறையே பிறந்தது.

அந்தத் துறையில வந்த ராபின் பாட்டிசன் 1978-ல வெளியான புத்தகத்துல ரெண்டு விதி சொன்னார். அமெரிக்க சைகை மொழியை வெச்சுச் சொன்னதுதான், ஆனா மற்ற பல சைகை மொழிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துது.

விதி ஒண்ணு: ரெண்டு கையும் அசைஞ்சா, ரெண்டும் ஒரே வடிவத்துல, ஒரே மாதிரி அசையணும். 'புத்தகம்' சொல்லிப் பாருங்க. ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து வெச்சுத் திறக்கறோம். இதுல இடது என்ன, வலது என்ன?

விதி ரெண்டு: ரெண்டு கையும் வேற வேற வடிவத்துல இருந்தா, ஒண்ணு மட்டும்தான் வேலை செய்யும். இன்னொண்ணு அசையாம இருக்கும், அதுவும் விரிச்ச கை, மூடின கை மாதிரி எளிமையான சில வடிவங்கள்ல மட்டும். 'எழுது' சொல்லிப் பாருங்க. ஒரு உள்ளங்கை காகிதம், இன்னொரு கை பேனா. காகிதம் சும்மா இருக்கு, பேனா ஓடுது.

மொழியியல்ல இந்தக் கையை 'ஆதிக்கக் கை'ன்னு சொல்வாங்க. எனக்கு அது பிடிக்கல. செய்கிற கை, தாங்குகிற கைன்னு வெச்சுக்கறேன். நம்ம கேள்விக்கான பதில் இங்கதான் இருக்கு. இந்த விதியில 'வலது'ங்கற வார்த்தையே கிடையாது. செய்கிற கை எதுங்கறது பேசறவரோட உடம்பைப் பொறுத்தது. ஒரு நொட்டாங்கைக்காரர் மொத்தத்தையும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிச் செஞ்சா, ரெண்டு விதியும் அப்படியே நிற்கும். அர்த்தமும் மாறாது.

மூளை விஷயத்துலயும் இதே கதைதான். 1987-ல பாய்ஸ்னர், கிளிமா, பெலூகி மூணு பேரும் சேர்ந்து எழுதின புத்தகத்துல, பக்கவாதம் வந்த காது கேளாதவங்களை ஆராய்ஞ்சிருந்தாங்க. மூளையோட இடது பாதி பாதிச்சவங்களுக்குச் சைகை மொழியே குலைஞ்சு போயிருந்தது, பேசறவங்களுக்குப் பேச்சு குலையற மாதிரியே. கை எதுவா இருந்தாலும் மூளைக்கு அது மொழிதான்.

பல் விளக்குற கை எது?

எனக்கு வகுப்புல நடந்ததைச் சொல்றேன். முதல் ரெண்டு வாரம் நான் ஒரு வார்த்தையை வலதுல செய்வேன், அடுத்ததை இடதுல. எழுதற கை வலது, மற்றதெல்லாம் இடது, எனக்கே குழப்பம். ஆசிரியர் ஃபோன்ல டைப் பண்ணிக் காட்டினார்: "எந்தக் கையில பல் விளக்குறீங்க?" நான் இடது கையைக் காட்டினேன். "அப்போ அதுதான். இனிமே மாத்தாதீங்க. நடுவுல நடுவுல கை மாத்தினா எனக்கு உங்களைப் படிக்கக் கஷ்டமா இருக்கு."

கவனிங்க. இடது கை அவருக்குப் பிரச்சினையே இல்ல. மாறி மாறி வர்றதுதான் பிரச்சினை. வாக்கியத்துக்கு நடுவுல ஒருத்தர் குரலை மாத்தி மாத்திப் பேசினா எப்படி இருக்கும்? அப்படி.

எங்களுக்கு ஒரு சின்ன லாபமும் இருக்கு. எதிர்ல நிக்கற வலது கைக்காரரைப் பார்த்து நாங்க கண்ணாடி மாதிரி அப்படியே செய்யலாம். வலது கைக்காரங்கதான் மனசுக்குள்ள திருப்பிப் போட்டுக்கணும்.

ஆனா எல்லாத்தையும் திருப்பக் கூடாது. 'இடது பக்கம் திரும்பு'ன்னு வழி சொன்னா, நான் இடது கைக்காரன்கறதுக்காக வலது பக்கம் காட்ட முடியாது. ஆட்டோக்காரர் வேற தெருவுக்குப் போயிடுவார். பள்ளிக்கூடம் கோயிலுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு காத்துல வரைஞ்சு காட்டும்போதும் நிஜமான இடம்தான் கணக்கு. வார்த்தை கண்ணாடியில திரும்பும், ஊர் திரும்பாது. ரொம்ப நாள் சைகையில பேசறவங்க, ஒரு கையில டீ கிளாஸ் இருந்தா இன்னொரு கையில பேசுவாங்க. ரெண்டு பேரை ஒப்பிட்டுக் கதை சொல்லும்போது வேணும்னே கையை மாத்தறவங்களும் உண்டு. அது பழகினவங்க சுதந்திரம். ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரே கைதான் நல்லது.

அப்புறம் ஏன் நாம பார்க்கற வீடியோ, படம் எல்லாம் பெரும்பாலும் வலது கை? டால்கார்னோ காலத்துக் காரணம்தான். 1970-களின் கடைசியில மதன் வசிஷ்டாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர்னு ஊர் ஊராப் போய்ச் சைகைகளைப் பதிவு பண்ணாங்க. இமாச்சலத்துல பிறந்த வசிஷ்டாவே காது கேளாதவர். 2001-ல கோயம்புத்தூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா ஒரு அகராதி கொண்டுவந்தது. 2015-ல டெல்லியில இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கினாங்க. அவங்க வீடியோ அகராதி 2018-ல 3,000 சொற்களோட வந்து, 2021-ல 10,000 ஆச்சு. இதெல்லாம் பெரிய வேலை, அக்கா மாதிரி சின்ன ஊர்ல இருக்கறவங்களுக்கு உயிர்நாடி. அகராதி வார்த்தையைக் காட்டுது. உங்க கையை மாத்தச் சொல்லல.

மலைப்பாதையில் ஒரு அக்கா

இதை நான் புத்தகத்துல படிக்கறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கேன். அப்போ புரியல, அவ்வளவுதான்.

எங்க அப்பா கல்வராயன் மலையில, வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தார். அந்த மலை 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்தது. நாடு சுதந்திரம் அடைஞ்சு 29 வருஷம் கழிச்சுதான் முழுசா அரசாங்கத்துக்குக் கீழ வந்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதனால தாமதம். காது கேட்காத பிள்ளைக்குத் தனிப் பள்ளின்னு யோசிச்சுப் பார்க்கக்கூட வழி இல்லாத இடம்.

லீவுக்கு நாங்க மலைக்குப் போவோம். அங்க ஒரு மலையாளிக் குடும்பத்துல ஒரு அக்காவுக்குக் காது கேட்காது. ஊர்ல எல்லாரும் 'ஊமை'ன்னுதான் சொல்வாங்க. ஆனா அந்த அக்கா பேசாத நேரமே கிடையாது! மழை வருது, மாடு கீழ போயிடுச்சு, வாத்தியார் இன்னும் வரல, எல்லாத்துக்கும் ஒரு சைகை. வீட்டுக்காரங்களும் அதே சைகையில பதில் சொல்வாங்க. தலையில கடுக்காய் மூட்டையோட வருவாங்க. ஒரு கை மூட்டையைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கை பேசும். மூட்டை பிடிச்ச கை வலிச்சா மாத்திக்குவாங்க. பேசற கையும் மாறிடும். கேட்டுக்கிட்டு நடக்கற யாரும் அதைக் கவனிச்சதுகூட இல்ல.

இப்படி ஒரு குடும்பத்துக்குள்ளேயே உருவாகற சைகையை 'வீட்டுச் சைகை'ன்னு சொல்றாங்க. ஜில் ஜெப்சன்கற ஆய்வாளர் 1991-ல இந்திய நகரத்துச் சைகையையும் கிராமத்துச் சைகையையும் ஒப்பிட்டு எழுதினார். அப்படித் தனித்தனியா வீட்டுச் சைகையோட இருந்த பிள்ளைங்க ஒரே இடத்துல கூடினா என்ன ஆகும்னு நிகராகுவா நாடு காட்டுச்சு. 1970-களின் கடைசியில அங்க பள்ளி தொடங்கினப்போ, மைதானத்துலயும் பஸ்லயும் பிள்ளைங்களே ஒரு புது மொழியை உருவாக்கிட்டாங்க. யாரும் சொல்லித் தரல. எந்தக் கைன்னும் யாரும் சொல்லல.

மலையில அந்த அக்காவுக்குக் கூட்டாளி யாரும் இல்ல. அவங்க சைகை அந்த வீட்டோட நின்னுடுச்சு. ஆனா அவங்க கையை யாரும் தட்டிவிடல. அந்த ஒரு விஷயத்துல, ஸ்கேல் வெச்சிருந்த என் பள்ளிக்கூடத்தைவிட அந்த மலைப்பாதை மேல்.

மூக்குத்தி எந்தப் பக்கம்?

போன மாசம் மறுபடி கள்ளக்குறிச்சி போனேன். ஆயாகிட்ட மிலான் மாநாடு, பாட்டிசன் விதி எல்லாம் சொல்ல முடியுமா? "ஆயா, அவன் சாப்பிடறது சோத்தாங்கையில சாப்பிடட்டும், அது உன் இஷ்டம். சோறுன்னு சொல்றது வேற ஆயா. அது அவன் வாய். வாயைத் தட்டிவிடாத"ன்னு மட்டும் சொன்னேன். ஆயா பதில் சொல்லல. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அக்கா அவனுக்குப் புதுசா ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாங்க. இந்திய சைகை மொழியில 'பெண்'ணுக்கு மூக்குத்தி போடற இடத்தை ஆள்காட்டி விரலால தொடணும். அக்கா தன் வலது பக்கத்தைத் தொட்டுட்டு ஆயாவைக் காட்டினாங்க. பையன் ஆயா முன்னாடி போய் நின்னான். முகத்தை நல்லா உத்துப் பார்த்தான். அப்புறம் இடது விரலால தன் மூக்கோட இடது பக்கத்தைத் தொட்டான்.

ஆயா சும்மா இருப்பாங்களா? "எனக்கு மூக்குத்தி வலப்பக்கமில்ல இருக்கு"ன்னு கையை எடுத்தாங்க. தட்டிவிடப் போறாங்கன்னுதான் நினைச்சேன். பாதியில நிறுத்திட்டாங்க. அவன் எதிர்ல நிக்கறான். ஆயாவோட வலப்பக்கம் அவனுக்கு இடப்பக்கம். அவன் பார்த்த மூக்குத்தி எங்க இருந்ததோ, அங்கதான் தொட்டிருக்கான்.

ஆயா தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க. "சரியாத்தான் சொல்றான்"னாங்க.

அப்புறம் அவன் சாப்பாடு கேட்டான். இடது கையிலதான். ஆயா எழுந்து போய்த் தட்டு எடுத்துட்டு வந்தாங்க.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பிள்ளை இருந்தா, எந்தக் கைன்னு பார்க்காதீங்க, என்ன சொல்றாங்கன்னு பாருங்க. நீங்க நொட்டாங்கையா இருந்து சைகை மொழி கத்துக்க யோசிச்சுக்கிட்டு இருந்தா, பல் விளக்குற கையில தொடங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.